பிடாடாரியில் அடக்கம் செய்த பூட்டனை எப்படித் தேடுவது?

குருநகர்க்காரி:
வணக்கம். அப்பம்மாவின் தகப்பன், எனக்குப் பூட்டன் முறை, சிங்கப்பூரில் கிளாக்கராக இருந்து 1938இல் அங்கேயே மோசம் போய்விட்டார். அப்பம்மாவுக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் அவருடையது என்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம். சிலுவை வைத்த கல்லறை, பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு யாரோ ஒருவர், பின்பக்கம் நீல மையில் "பிடாடாரி" என்று ஒரு சொல். கடிதங்களும் மணியோடர்த் துண்டுகளும் இருந்த ட்ரங்குப் பெட்டி 95 இடப்பெயர்வில் போய்விட்டது, படம் செபப் புத்தகத்துக்குள் கிடந்ததால் தப்பியது.

கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலையில் பூட்டியின் கல்லில் கீழ்ப்பாதி வெறுமையாக இருக்கிறது, அவருக்கென்று விட்ட இடம். நவம்பர் 2ஆம் திகதி மெழுகுதிரி கொளுத்தப் போகும்போதெல்லாம் அப்பம்மா எழுத்து உள்ள பாதியை விட்டுவிட்டு அந்த வெறும் பாதியைத்தான் சேலைத் தலைப்பால் துடைப்பார். அதில் பெயரையும் திகதியையும் வெட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் திகதி அப்பம்மாவுக்கும் தெரியாது. நாலேகாலுக்கு அலுவலகம் முடிந்து, சின்னவனை டியூஷனில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்து, புட்டு அவித்து, எல்லோரும் படுத்த பிறகுதான் போனை எடுத்துத் தேடுகிறேன், பத்து நிமிடத்தில் கண் சொருகிவிடும். அவருடைய பெயரை, சந்தியாப்பிள்ளை என்று எப்படி அடித்தாலும் ஒன்றும் வருவதில்லை. யாராவது பக்கத்தில் இருந்தால் அந்தக் கல்லறையை ஒருக்கால் போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா?

செங்காங்_தம்பி:
அக்கா, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, அந்தக் கல்லறை இப்போது இல்லை. பிடாடாரி சேமக்காலையை 1972இல் மூடிவிட்டார்கள். 2001இல் இருந்து சில வருடங்களில் எல்லாக் குழிகளையும் தோண்டி எடுத்துவிட்டார்கள், வீடு கட்ட நிலம் வேண்டும் என்று. கிறிஸ்தவர்களின் பகுதியில் சொந்தக்காரர் வந்து கேட்டவர்களின் எச்சங்களை எரித்துச் சாம்பலைக் கொடுத்தார்கள், ஒருவரும் கேட்காதவற்றைக் கடலில் கரைத்தார்கள். இங்கே அறிவித்தல் கொடுத்துத்தான் செய்தார்கள், ஆனால் 2001இல் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியப்போகிறது, அப்போது யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதையே பூட்டிக் கிடந்ததே. இப்போது அங்கே வுட்லீ ரயில் நிலையமும் அடுக்குமாடிகளும். வேலைக்குப் போகும்போது நான் தினமும் அதற்குக் கீழேதான் போகிறேன்.

குருநகர்க்காரி:
நன்றி தம்பி. அப்பம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரன்:
பிள்ளை, கல்லறை போனால் திகதியும் போய்விட்டது என்று ஏன் நினைக்கிறீர்கள்? சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை நியூஸ்பேப்பர் எஸ்ஜி என்ற தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிபியூன் எல்லாம் உண்டு, மரண அறிவித்தல்களும் வரும்.

ஆனால் நீங்கள் தேடும் பெயர் சரியில்லை. சந்தியாகு என்றால் இங்கிலிஷில் ஜேம்ஸ், உங்கள் குருநகர்க் கோவிலின் புனிதர்தான். சூசை என்றால் ஜோசப். நம்முடைய கத்தோலிக்க ஆட்கள் வீட்டில் ஒரு பெயரும் கந்தோரில் வேறு பெயருமாக இருந்தவர்கள், கடிதம் கொண்டு திரிந்த காலத்தில் நான் இதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னுக்கும் நிற்கும், சிலவேளை குடும்பப் பெயர் போலப் பின்னுக்கும் நிற்கும். ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, 1938 என்று வருடத்தை மட்டும் மட்டுப்படுத்தித் தேடுங்கள். ஞானஸ்நானப் பெயர் தெரியாவிட்டால் பங்குக் கோவில் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள், பூட்டியின் விவாகப் பதிவிலும் இருக்கும்.

நாவாந்துறையான்:
எங்கள் பெரியப்பாவை ஸ்டீபன் என்று எட்டு மாதம் தேடிக் கடைசியில் முடியப்பு என்று கண்டுபிடித்தோம். முடியப்பர்தான் ஸ்டீபன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது!

குருநகர்க்காரி:
மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சின்னவனுக்குக் காய்ச்சல், பிறகு வருட இறுதிக் கணக்கு. போன சனிக்கிழமை கோவில் கந்தோரில் விவாகப் பதிவைப் பார்த்தேன், ஐயா சொன்னது சரி. அன்று இரவே ஜேம்ஸ் என்று போட்டுத் தேடினேன், முன்னால் வந்த ஜேம்ஸ்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். ஒன்றரை மணியளவில் கிடைத்தது. நாலே வரி. யாழ்ப்பாணத்தவர், ஓகஸ்ட் 9, பின்னேரம் 5 மணிக்குப் பிடாடாரியில் அடக்கம். தகப்பன் பெயரில் ஒரு எழுத்தைப் பிழையாக அடித்திருக்கிறார்கள், ஆனால் அவர்தான்.

காலையில் அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கடலில் கரைத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தக் கடல்?" என்று கேட்டார். தம்பி, அது உங்களுக்குத் தெரியுமா?

கல் வெட்டுபவரிடமும் கேட்டேன், எழுத்துக் கணக்கில்தான் காசாம். சந்தியாப்பிள்ளை என்று போடுவதா, ஜேம்ஸ் என்பதையும் சேர்ப்பதா என்று குழப்பமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தபால்காரன்:
இரண்டையும் போடுங்கள் பிள்ளை. பிடாடாரி என்றும் போடுங்கள்.

செங்காங்_தம்பி:
எந்தக் கடல் என்று விசாரித்துச் சொல்கிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வுட்லீயில் இறங்கி மேலே போய் நாலு படம் எடுத்தும் அனுப்புகிறேன், அப்பம்மாவுக்குக் காட்டுங்கள்.