காலாண்டு இலக்குகளைக் கண்காணிப்பது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். யாங்கூனிலிருந்து இந்தியாவுக்கு உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் எங்கள் நிறுவனத்தில், இன்டெலில் ஆண்டி குரோவ் உருவாக்கி, 1999இல் முதலீட்டாளர் ஜான் டோர் கூகுளுக்குக் கொண்டு சென்ற ஓ.கே.ஆர். (ஒரு நோக்கத்தையும் அதை அளக்கும் முக்கிய விளைவுகளையும் வகுக்கும்) முறையை இந்தக் காலாண்டில் தொடங்கியுள்ளோம். வாங்குவோரின் நம்பிக்கையைப் பெறுவது எங்கள் நோக்கம். கல், தூசி எனக் கூறி விலை குறைக்கப்படும் மூட்டைகளைப் பாதியாக்குவது முக்கிய விளைவு. கிடங்கு மேற்பார்வையாளரோ, "சல்லடை மாற்றியாயிற்று" என்று விளைவுக்குப் பதிலாகச் செய்த வேலையை எக்செல் தாளில் எழுதி, முழு மதிப்பெண்ணான 1.0 போட்டுவிடுகிறார். 0.7 வந்தாலே நல்ல முன்னேற்றமாகக் கொள்ளும் இம்முறையில் எல்லாமே முழு மதிப்பெண்ணாக இருப்பது எனக்கு ஐயத்தையே தருகிறது (நல்லவேளையாக ஊக்கத்தொகையை இதனுடன் இணைக்கவில்லை). சரக்கு துறைமுகம் சேர்ந்து புகார் வருவதற்கே பல வாரங்கள் ஆகும் நிலையில், வாரந்தோறும் எந்த எண்ணைப் பார்ப்பது பொருத்தம்? கிடங்கிலேயே எடுக்கும் மாதிரியின் கல் விகிதம் போதுமா? அனுபவமுள்ளவர்கள் தங்கள் தாளின் அமைப்புடன் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.