லேப்டாப் போனால் போகட்டும், உள்ளே இருந்தது வேணும்

கும்பகோணத்திலிருந்து:

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் ‘பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வருகிறது, சுற்றுகிறது, அணைகிறது, மறுபடி அதே. நான் ஆரி வேலை செய்கிறவள். முகூர்த்த மாதம். கையில் பதினொரு கல்யாண பிளவுஸ். வாடிக்கையாளர் அளவெல்லாம் ஒரே ஒரு எக்செல் ஃபைலில், நாலு வருஷ டிசைன் படங்கள் டெஸ்க்டாப்பில். வேறெங்கும் நகல் இல்லை. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு சுற்று முடித்துவிட்டார்.

முதலில் ஒரு சர்வீஸ் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பையன் இரண்டு நிமிஷம் பார்த்தான். “விண்டோஸ் போயிடுச்சுக்கா. ஃபார்மட் அடிச்சு புதுசா போட்டுத் தர்றேன், சாயங்காலம் வாங்க” என்றான். உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன். “சி டிரைவ்ல இருக்கிறது போயிடும். டி-ல இருந்தா ஒண்ணும் ஆகாது” என்றான், ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி. என் லேப்டாப்பில் டி என்று ஒன்றே கிடையாது. கேட்காமல் வந்திருந்தால் சாயங்காலம் பளிச்சென்று ஓடுகிற காலி லேப்டாப் கிடைத்திருக்கும். அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ‘ஓடவில்லை’ என்றுதானே கொடுத்தேன்? ஓட வைப்பதற்குத்தான் வழி சொன்னான்.

கொழுந்தனார் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பொங்கலுக்கு வந்தவன் இன்னும் ஊர் திரும்பவில்லை, என் நல்ல காலம். “பெரியம்மா, இதை ரிப்பேர் பண்றதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல உங்க ஃபைலை வெளியே எடுத்துடுவோம்” என்றான். அந்த ரிப்பேர் திரையிலேயே ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ இருக்கிறது, அதற்குள் போனால் ‘டிரபிள்ஷூட்’, அங்கே மறுபடி ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’. அதை அழுத்தியதும் 48 இலக்க எண் கேட்டது. பிட்லாக்கர் பூட்டாம். நான் எந்தப் பூட்டையும் போடவில்லையே!

நான் போட வேண்டியதே இல்லையாம். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்தாலே டிரைவ் தானாகப் பூட்டிக்கொள்கிறது, சாவி எண் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திருடன் கையில் சிக்கினால் நல்லதுதான். இங்கே திருடன் மாதிரி நின்றது நான். எந்தக் கணக்கு என்று யாருக்கு ஞாபகம்? என் மெயிலில் இல்லை, வீட்டுக்காரர் மெயிலில் இல்லை. வாங்கிய அன்றைக்குக் கடையில் ‘ஏதாவது ஒரு மெயில் ஐடி சொல்லுங்க’ என்றபோது மகள் தன்னுடையதைச் சொன்னாளாம். ராத்திரி ஒன்பது மணிக்கு அது அவளுக்கே நினைவு வந்தது. அவள் கணக்கில் நுழைந்து பார்த்தால் இரண்டு சாவி. பூட்டுத் திரையில் ‘கீ ஐடி’ என்று ஒன்று காட்டும், அதன் முதல் எட்டு எழுத்து எதோடு பொருந்துகிறதோ அதுதான் நம் சாவி. ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். நான் படிக்க அவன் அடித்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் வேடிக்கை. பூட்டு திறந்ததும் வந்த கமாண்ட் பிராம்ப்ட் கறுப்புப் பெட்டியில் ‘நோட்பேட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தான். நோட்பேட் திறந்தது. அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றியதும் என் டெஸ்க்டாப் அப்படியே தெரிந்தது! அங்கேயே ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட். டிரைவ் எழுத்துகள் மட்டும் மாறியிருந்தன, சி இருந்த இடம் டி ஆகியிருந்தது. எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை எதுவும் வரவில்லை. செத்துவிட்டதோ என்று அணைக்கப் போனேன், அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். 23 ஜிபி, ஒன்றேகால் மணி நேரம். அளவுக் கணக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு எப்படி நடந்தது என்று எழுதுங்கள். கிடைக்காமல் போன கதையாக இருந்தாலும்.

சென்னையிலிருந்து:

ரிச்சி தெருவில் பதினெட்டு வருஷமாக லேப்டாப் ரிப்பேர் வேலை. கும்பகோணத்து அம்மா சொன்னது சரி. கடைக்காரனுக்கு நேரம்தான் காசு. ஃபார்மட் போட்டால் ஒரு மணி நேரத்தில் மேஜை காலியாகும், டேட்டா எடுத்தால் ஒரு நாள் போகும். அதனால் கொடுக்கும்போதே “லேப்டாப் அப்புறம், டேட்டா முதல்ல” என்று சொல்லுங்கள். ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

அவருக்கு விண்டோஸ்தான் கெட்டிருந்தது, அதனால் திரையாவது வந்தது. லைட் எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை என்றால் முதலில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் போனது பின்னொளி மட்டும். டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் செருகிப் பாருங்கள், அங்கே படம் வந்தால் கவலை முடிந்தது, ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையா, சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் அதில் உயிர் வந்த மெஷின்கள் என் மேஜையில் எத்தனையோ.

போர்டே (உள்ளே இருக்கிற மதர்போர்டு) போய்விட்டால் ஃபைல்கள் இருக்கிற டிரைவைக் கழற்ற வேண்டியதுதான். போர்டு செத்தால் டிரைவும் செத்தது என்று அர்த்தமில்லை. பழைய லேப்டாப் என்றால் இரண்டரை இன்ச் சாட்டா வகை, அதை உள்ளே போட்டு வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரி செருகுகிற யுஎஸ்பி கேஸ் சில நூறு ரூபாயில் கிடைக்கும். புதுசு என்றால் சூயிங்கம் பட்டை மாதிரி எம்.2, அதிலும் இரண்டு வகை. இதில்தான் தப்பான கேஸ் வாங்கிக்கொண்டு வந்து சண்டை போடுவார்கள். முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் படிக்கிற கேஸாக வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் விலை, அவ்வளவுதான். ஆனால் பிட்லாக்கர் இருந்தால் வேறு மெஷினில் மாட்டினாலும் அந்த 48 இலக்கம் கேட்கும். அதில் மாற்றமில்லை.

இன்னொன்று. போர்டு சர்வீஸுக்குக் கொடுக்கும்போது டிரைவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். போர்டைச் சரிபார்க்க உங்கள் குடும்ப போட்டோ எங்களுக்கு எதற்கு?

முடிச்சூரிலிருந்து:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். என் லேப்டாப் கட்டிலுக்கு அடியில் பெட்டியில், தம்பியுடையது அலமாரியின் கீழ்த்தட்டில். இரண்டும் ஒரு ராத்திரி முழுக்க ஊறின. மாமியார் அரிசி டப்பாவில் போடச் சொன்னார். அரிசி உள்ளே இருக்கிற சேற்றை எடுக்காது, தவிட்டைத்தான் சேர்க்கும். நான் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு எஸ்எஸ்டியை (சுழலாத, சிப்பில் சேமிக்கிற டிரைவ்) கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, கரண்ட் வருகிற வரைக்கும் மூன்று நாள் காற்றில் வைத்தேன். எப்படியும் செருக வழியில்லை, அதுவே காப்பாற்றியது. அப்புறம் கேஸில் போட்டால் எல்லாம் இருந்தது. தம்பி பொறுக்கவில்லை. கரண்ட் வந்த அன்றைக்கே “ஓடுதான்னு பார்ப்போம்” என்று சார்ஜரைச் செருகினான். கருகிய வாடை வந்தது. அவன் டிரைவையும் கழற்றிப் பார்த்தோம், எதிலும் தெரியவேயில்லை.

சிவகாசியிலிருந்து:

கணக்கு எழுதுகிறவன். என்னுடையது பழைய ஹார்ட் டிஸ்க், ‘டிக் டிக்’ என்று சத்தம். தெரிந்தவர் ஒருவர் நல்லெண்ணத்தில், டிஸ்க் முழுக்கத் தேடிப் பிழை திருத்தும் ‘செக் டிஸ்க்’ ஓட்டினார். சாகக் கிடக்கிறவனை மாடிப்படி ஏறச் சொன்ன மாதிரி. அதுவரை திறந்த ஃபோல்டர்கள் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

பிறகு இன்னொரு நண்பர், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் உள்ள பென் டிரைவில் கம்ப்யூட்டரை எழுப்பினார் (சில கம்பெனிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்). ஃபைல் ஃபைலாக காப்பி செய்யாமல் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவியால் மொத்த டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தார். அதன் சாமர்த்தியம், கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்ல இடத்தை முதலில் அள்ளிவிடும். கெட்ட இடத்துக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எங்கே விட்டது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும், நடுவில் நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம். 500 ஜிபி, மூன்று நாள். கொஞ்சம் போனது, பெரும்பாலும் வந்தது.

வந்தும் ஏமாந்தேன். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் எடுத்துக்கொண்டு பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடப் போனேன். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் அங்கே சேமிப்பதில்லை! அதற்குத் தனி டேட்டா ஃபோல்டர், உள்ளே கம்பெனிகள் பெயரில் இல்லாமல் வெறும் எண்களாக இருக்கும். பார்த்தால் குப்பை மாதிரி தெரியும். இருபத்திரண்டு கடைகளின் கணக்கு அந்தக் குப்பையில்தான் இருந்தது. பிரவுசர் புக்மார்க், அவுட்லுக் மெயில் இதெல்லாமும் பல நேரம் மறைந்திருக்கும் ஃபோல்டர்களில்தான். முடிந்தால் யூசர் ஃபோல்டரை முழுசாக அள்ளுங்கள், டேலியைத் தனியாகத் தேடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அப்பா எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றைப் பதினைந்து வருசமாகத் தட்டச்சு செய்து வந்தார். அவர் காலமான பிறகு கணினி எழும்பவில்லை. திருத்தக் கொடுத்த இடத்தில் புதிதாக விண்டோஸ் போட்டே தந்துவிட்டார்கள். நல்ல வேளை, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடும், பிறகு தேடியும் பயனில்லை என்றார்கள்.

‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் தேடினேன். மீட்டவற்றை அதே டிஸ்க்கில் எழுதக் கூடாது, வேறொன்றில்தான் எழுத வேண்டும். ஃபைல்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் எண்கள், ஆயிரக்கணக்கில். ஒன்றைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குழப்பம். இன்னொன்று, அதுவும் அப்படியே. பழுதாகிப்போனது என்று முடிவு கட்டி அழிக்கத் தொடங்கினேன். பத்துப் பன்னிரண்டை அழித்தும் விட்டேன்.

அப்பாவோடு முன்பு அச்சகத்தில் வேலை செய்த ஒருவர் வந்திருந்தார். எட்டிப் பார்த்தவர், “தம்பி, அது பாமினி எல்லோ” என்றார். இப்போது எங்கும் இருக்கிற யுனிகோடு தமிழுக்கு முந்திய எழுத்துரு, அது கணினியில் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். அதில் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. அதுதான் வரிக்கு வரி அரைப்புள்ளி. பாமினியை நிறுவி எழுத்துருவை மாற்றியதும் திரையில் அப்பாவின் தமிழ். அழித்த பன்னிரண்டும் ரீசைக்கிள் பின்னில் இருந்தன, கடவுளே என்று எடுத்துப் போட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

எனக்குக் கிடைக்கவில்லை. மெலிசான லேப்டாப், ஃபைல்கள் இருக்கிற மெமரி போர்டோடு சேர்த்து சால்டர் செய்தது. கழற்ற ஒன்றுமே இல்லை. போர்டு போனது, பூட்டும் அந்த போர்டின் சிப்போடு கட்டியது. மூன்று இடத்தில் காட்டினேன், மூன்றாவது ஆள் பணம் வாங்காமல் திருப்பிக் கொடுத்தார், அந்த நேர்மைக்கு நன்றி. குழந்தையின் முதல் வருஷ வீடியோக்கள். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது மட்டும் அவர் போனில் இருந்தது, நாற்பது சில்லறை. தெளிவு குறைவு. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று நான் திட்டத் திட்ட அழிக்காமல் வைத்திருந்தார்.

கும்பகோணத்திலிருந்து, மறுபடி:

கோயம்புத்தூர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஊசி ஓடவில்லை. அந்த நாற்பதையாவது இன்றைக்கே இரண்டு இடத்தில் வையுங்கள்.

ரிச்சி தெரு அண்ணனுக்கு: என்னுடையதில் ஒரு வெட்டுதான், பார்த்துவிட்டேன். நேற்று அதே கடைக்குப் போனேன். “இப்ப ஃபார்மட் பண்ணு தம்பி” என்றேன். “டேட்டா எடுத்துட்டீங்களாக்கா?” என்று இந்த முறை அவனே கேட்டான். அந்த 48 இலக்கத்தை அளவு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தேன், ஃபார்மட் போட்டதும் அது செல்லாதாம். புதுச் சாவி எண் வருமாம். இன்றைக்குச் சாயங்காலம் மகளை உட்கார வைத்துப் புது எண்ணை எடுத்து, நோட்டில் பழையதை அடித்துவிட்டு எழுத வேண்டும்.