சளி கல்ச்சரில் கோர்டோனே: நோயா, குழாய்த் தண்ணீரா?

லேப்_மேசை:
மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. எம்ஜிஐடி குழாய் (காசநோய் வகைக் கிருமிகளைத் திரவத்தில் வளர்க்கும் குழாய்) பாசிட்டிவ், ஸ்மியரில் (சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில்) அமிலம் தாங்கும் கிருமி, ஆனால் காசநோய்க் கிருமியின் புரதத்தைக் காட்டும் எம்பிடி64 அட்டையில் கோடு விழவில்லை. அதாவது காசநோய்க் கிருமி இல்லை. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா இனங்களில் வழக்கமாக ஃபார்ச்சூட்டம், அப்ஸெஸ்ஸஸ், இன்ட்ராசெல்லுலேர்தான் வரும். இப்போது ஒரே வார்டிலிருந்து வரிசையாக கோர்டோனே என்ற இன்னொரு இனம். எல்லோருக்கும் மருந்து தொடங்கலாமா என்கிறார் டாக்டர்.

பழைய_மைக்ரோ:
தொடங்க வேண்டாம். கோர்டோனே தண்ணீரில் வாழும், அரிதாகவே நோய் தரும் இனம்; அது வந்தால் முதலில் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள், அப்புறம் நோயாளியை. சளி கொடுக்கும் முன் எந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறார்கள்? பிராங்கோஸ்கோப்பை (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் கருவியை) கடைசியில் எதில் அலசுகிறார்கள்? இருட்டில் வளர்த்தாலும் கோர்டோனேயின் காலனி ஆரஞ்சு மஞ்சளாகவே இருக்கும். கன்சாசி என்ற இனம் அப்படியல்ல, வெளிச்சம் பட்ட பிறகுதான் மஞ்சளாகும். கன்சாசி வந்தால் அசட்டையாக விடாதீர்கள், அது நோய் தரும் இனம்.

நெஞ்சக_மாணவி:
நோய் என்று சொல்ல ஒரு சளி பாசிட்டிவ் போதாது. அறிகுறி, சிடி ஸ்கேனில் மாற்றம், தனித்தனியாக எடுத்த இரண்டு சளியில் ஒரே இனம், இவ்வளவும் வேண்டும். பிராங்கோஸ்கோப்பி கழுவல் என்றால் ஒன்று போதும்.

லேப்_மேசை:
சரி, வார்டு குழாய்த் தண்ணீரையும் கல்ச்சர் போடுகிறேன். அப்ஸெஸ்ஸஸுக்கு?

பழைய_மைக்ரோ:
துணை இனத்தைக் கேட்டு வாங்குங்கள். மசிலியென்ஸ் துணை இனம் என்றால் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கேட்கும். அப்ஸெஸ்ஸஸ் துணை இனம் பெரும்பாலும் ஆரம்பத்தில் கேட்பதுபோல் நடித்துவிட்டு 14ஆம் நாளில் எதிர்ப்பைக் காட்டும். அதுவரை மருந்துச் சோதனைத் தட்டை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்.