‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’: மெழுகுவத்தி நிஜம்தான், கேப்டன் ரீ நிஜமா?

பழைய ரேடியோ:
என் மகள் மூன்றாவது தடவையாக இந்தத் தென்கொரிய டிவி நாடகத்தைப் போட்டாள். இந்தத் தடவை நானும் உட்கார்ந்து பதினாறு எபிசோடும் பார்த்துவிட்டேன். பார்க்காதவர்களுக்காகக் கதை: சியோலின் பணக்காரி யூன் செ-ரி பாராகிளைடரில் பறக்கும்போது சூறைக்காற்றில் சிக்கி, எல்லை தாண்டி வடகொரியாவில் ஒரு மரத்தில் தொங்குகிறாள். அங்கே எல்லைக் காவல் பணியில் இருக்கும் ராணுவ கேப்டன் ரீ ஜோங்-ஹ்யோக் அவளைத் தன் வீட்டில் மறைத்து வைக்கிறான். அப்புறம் என்ன, காதல்தான். 2019 டிசம்பரிலிருந்து 2020 பிப்ரவரி வரை ஓடியது. கடைசி எபிசோடுக்கு 21.7 சதவீத ரேட்டிங். நானும் அழுதேன், மறைப்பானேன்.

ஆனால் போன வாரம் இங்கே ஒருவர், ‘வடகொரிய வாழ்க்கையை அப்படியே காட்டியிருக்காங்க’ என்று எழுதியிருந்தார். அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு நாட்டையே சிறை என்கிறோம், அந்தச் சிறை இவ்வளவு குளுகுளு என்று இருக்குமா?

மாடிவீட்டு மல்லி:
அந்த ‘ஒருவர்’ நான்தான் சார் 🙂

குளுகுளுன்னு யார் சொன்னது? கரண்ட் போய் ரயில் நடுவழியில நின்னுடுது. ராத்திரி முழுக்க எல்லாரும் வெட்டவெளியில தீ மூட்டி உக்காந்திருக்காங்க, எங்கிருந்தோ சாப்பாடும் போர்வையும் தூக்கிக்கிட்டு வியாபாரிங்க ஓடி வர்றாங்க. (ரயில் காட்சிய எடுத்தது மங்கோலியாவுல.) குளிக்கறதுக்குத் தண்ணி காய்ச்சி, ஆவி வெளிய போகாம பிளாஸ்டிக் ஷீட்டைக் கூடாரமா கட்டிக்கறாங்க. சந்தையில ஷாம்பு கேட்டா, கடைக்காரம்மா அக்கம்பக்கம் பாத்துட்டு ‘கீழூர்ச் சரக்கு’ன்னு மேசைக்கு அடியிலேர்ந்து எடுத்துக் குடுக்கறாங்க. கீழூர்னா தென்கொரியா. அங்க நிஜமாவே அப்படித்தான் சொல்றாங்களாம்.

இதெல்லாம் சும்மா அடிச்சுவிட்டது இல்லை. எழுதின குழுவுல க்வாக் மூன்-வான்னு ஒருத்தர் இருந்தார். வடக்கிலேர்ந்து தப்பி வந்தவர். அங்க தலைவருக்கான காவல் படையில வேலை பார்த்தவர், பியோங்யாங்ல சினிமா படிச்சவர். ஆரம்பக் கருவே 2008-ல ஒரு தென்கொரிய நடிகையோட படகு வடக்குக் கடல் பக்கம் ஒதுங்கின சம்பவத்திலேர்ந்து வந்ததுதான்.

பழைய ரேடியோ:
//இதெல்லாம் சும்மா அடிச்சுவிட்டது இல்லை//

மல்லி, பாத்திரம் பண்டத்தில் குறை சொல்லவில்லை. கிம்ச்சி பானை சரி, கரி அடுப்பு சரி. யாருக்கு என்ன பாத்திரம் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

நாயகன் யார்? ராணுவத்தின் அரசியல் தலைமை இயக்குநருடைய மகன். சுவிட்சர்லாந்தில் பியானோ படித்தவன். (கிம் ஜோங்-உன்னும் சிறுவயதில் அங்கேதான் படித்தார், அது தனிக் கதை.) அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் அம்மா பியோங்யாங்கில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்துகிறாள். வில்லன் ஜோ சோல்-காங் யார்? அனாதையாகச் சந்தையில் பொறுக்கித் தின்று வளர்ந்த பையன். அங்கே அவர்களைக் ‘கொத்ஜேபி’ என்பார்கள். 1990-களின் பஞ்சத்தில் அப்படித் தெருவுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆக, தளபதி வீட்டுப் பிள்ளை தங்கம், பட்டினியில் வளர்ந்தவன் கொலைகாரன். அந்த அரசு செய்கிற அத்தனை அட்டூழியமும் இந்த ஒரு கெட்ட அதிகாரியின் கணக்கில் ஏறிவிடுகிறது. அவன் ஒழிந்தால் ஊர் சுபிட்சம். 2014-ல் ஐ.நா. விசாரணைக் குழு 80,000 முதல் 1,20,000 பேர் வரை அரசியல் கைதி முகாம்களில் இருப்பதாக எழுதியது. அவர்களை அடைத்தது ஜோ சோல்-காங்கா?

சோத்துக்கட்டி:
நம்ம சீரியல்ல பட்டுப்புடவையும் நெக்லஸும் போட்டுக்கிட்டு தூங்கறாங்க. அதை எவனும் தமிழ்நாட்டு வாழ்க்கையான்னு கேக்கல. கொரியாக்காரன் மட்டும் ஐ.நா. அறிக்கை வாசிக்கணுமா?

பழைய ரேடியோ:
நம்ம ஊரைப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் தம்பி. வடகொரியாவுக்கு எந்தப் பக்கம் ஜன்னல்? பலருக்கு இந்த நாடகம்தான் ஜன்னல். அதனால்தான் கேட்கிறேன்.

மாடிவீட்டு மல்லி:
இதுல ஒரு வேடிக்கை இருக்கு. தென்கொரியாவுல ஒரு சின்னக் கிறிஸ்தவக் கட்சி, ‘வடக்கை அழகா காட்டறாங்க’ன்னு தேசப் பாதுகாப்புச் சட்டத்துல போலீஸ்ல புகார் குடுத்தது. 2020 மார்ச்சுல வடக்கோட பிரசார இணையதளங்கள், தென்கொரியப் படமும் நாடகமும் எங்களை அவமானப்படுத்துதுன்னு திட்டித் தீர்த்தது. ரெண்டு பக்கமும் அடி வாங்கினா, கொஞ்சமாவது சரியாத்தானே எடுத்திருப்பாங்க?

பழைய ரேடியோ:
ரெண்டு பக்கமும் அடி மத்தளத்துக்கும்தான். அதனால் மத்தளம் உண்மை பேசுகிறது என்று ஆகிவிடுமா?

தேஜான் குமரன்:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். இங்கே தென்கொரியாவில், தேஜானில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வடக்கே ஹ்யேசான் பக்கத்துக்காரர். யாலு ஆற்றங்கரை ஊர், அக்கரையில் சீனா. பழகி இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் இதெல்லாம் பேச ஆரம்பித்தார். இந்த நாடகத்தைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறேன்.

ரயில் காட்சி நூற்றுக்கு நூறு என்றார். பியோங்யாங் போக இரண்டு மூன்று நாள் ஆனதெல்லாம் உண்டாம். ராத்திரியில் கதவைத் தட்டி, பதிவு செய்யாத விருந்தாளி இருக்கிறார்களா என்று சோதனை போடுவதும் அப்படியே. கிராமம்தான் ரொம்பச் சுத்தம், எல்லார் கன்னமும் உப்பலாக இருக்கிறது என்று சிரித்தார்.

அவர் சிரிக்காத இடம் ஒன்று உண்டு. கேப்டனின் படையில் ஜு-மோக் என்று ஒரு சிப்பாய், காவல் நேரத்தில் திருட்டுத்தனமாகத் தென்கொரிய நாடகம் பார்ப்பான், அந்தக் கவனக்குறைவில்தான் செ-ரி தப்பிப் போவாள். நமக்கு அது காமெடி.

இவர் சொன்னது இது. அவர்கள் ஊரிலும் எல்லாரும் பார்த்தார்கள். எல்லை தாண்டி முதலில் டிவிடி வந்தது, அப்புறம் யு.எஸ்.பி. அதைப் பிடிக்கவே ‘109’ என்று ஒரு சோதனைக் குழு. அவர்கள் செய்கிற முதல் வேலை, தெருவுக்கே கரண்டை நிறுத்துவது. கரண்ட் போனால் டிவிடி தட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும், எடுக்க முடியாது. அப்புறம் நிதானமாக வீடு வீடாக வருவார்கள். அதற்குத்தான் ‘நோட்டெல்’ என்கிற சின்ன பிளேயர் அவ்வளவு விற்றது. பேட்டரியில் ஓடும். உள்ளூர்ப் படத் தட்டைப் போட்டு வைத்துவிட்டு யு.எஸ்.பி.யில் பார்ப்பார்கள். சத்தம் கேட்டால் யு.எஸ்.பி.யைப் பிடுங்கி ஒளித்துவிடலாம்.

‘நாடகத்தில் கரண்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். எங்களுக்குக் கரண்ட் போனால் வயிற்றைக் கலக்கும்’ என்றார்.

பழைய ரேடியோ:
குமரன், நான் இரண்டு பதிவு எழுதியும் சொல்ல வராதது இதுதான்.

2020 டிசம்பரில் அங்கே புதுச் சட்டம் வந்தது. தென்கொரிய நாடகம் பார்த்தால் 15 வருஷம் வரை முகாம், பரப்பினால் மரண தண்டனை வரை. அதாவது இந்த நாடகம் முடிந்து பத்து மாதத்தில். 2023-ல் மொழிக்கும் சட்டம் போட்டார்கள்: கூடப் பிறக்காதவனை, காதலனை, ‘ஓப்பா’ (அண்ணா) என்று தெற்கத்திப் பாணியில் கூப்பிட்டாலே குற்றம். ஜு-மோக்கை நினைத்துப் பாருங்கள். நாடகத்தில் அவன் சியோலுக்கே போய், தான் கும்பிடும் நடிகையோடு சாப்பிட்டுவிட்டு, ஊர் திரும்பிச் சுகமாக இருக்கிறான்!

மாடிவீட்டு மல்லி:
சட்டம் பின்னாடி வந்தது சார், அதுக்கு 2019-ல எழுதினவங்களை எப்படிக் குத்தம் சொல்றது? ஆனா கேப்டனும் சிப்பாய்ங்களும் வடக்குக்குத் திரும்பிப் போய் ஒண்ணும் ஆகாம இருக்கறது கதைக்காகத்தான், ஒத்துக்கறேன். கேப்டனும் செ-ரியும் வருஷா வருஷம் சுவிட்சர்லாந்துல ரெண்டு வாரம் சந்திக்கறதும்தான்.

ஆனா பயமே இல்லைங்கறதை ஒத்துக்க மாட்டேன். மான்-போக்கை மறந்துட்டீங்களா? ஒட்டுக்கேக்கறதுதான் அவர் உத்தியோகம். ஊர்ல அவருக்குப் பேரே ‘காது’. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒரு அடைசலான இடத்துல உக்காந்து பக்கத்து வீட்டுப் பேச்சை எழுதி வைக்கறார். அவர் பையனோட மத்த பசங்க விளையாட மாட்டாங்க. ஒரு சமயம் நம்ம கேப்டனோட அண்ணன் சாவுக்கே தன் வேலைதான் காரணம்னு அந்த மனுஷன் உள்ளுக்குள்ள புழுங்கறார். துப்பாக்கி காட்டாம இதைவிட எப்படிப் பயத்தைக் காட்டறது? எனக்கு முகாம்னு செய்தில படிச்சப்ப உறைக்கலை, அந்தக் குட்டிப் பையன் தனியா நின்னப்பதான் உறைச்சுது.

பழைய ரேடியோ:
மான்-போக்குக்கு நான் தலைவணங்குகிறேன். அவரைப் பற்றி மட்டும் பதினாறு எபிசோடு எடுத்திருந்தால் இந்தப் பதிவே போட்டிருக்க மாட்டேன்.

சோத்துக்கட்டி:
அதை நீங்களும் நானும் மட்டும்தான் பாத்திருப்போம் சார். உங்க மக போட்டிருக்க மாட்டா.

தேஜான் குமரன்:
இன்னொன்று. தப்பி வருகிறவர்கள் யாரும் ராணுவ எல்லை வழியாக வருவதே அபூர்வம். நாலு கிலோமீட்டர் அகலத்துக்குக் கண்ணிவெடி. எல்லாரும் ஆற்றைத் தாண்டிச் சீனா போய், தரகருக்குக் காசு கொடுத்து, லாவோஸ், தாய்லாந்து என்று சுற்றித்தான் வருகிறார்கள். சீனாவில் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2019-ல் 1,047 பேர் வந்தார்கள், கொரோனாவுக்கு எல்லையை மூடிய 2020-ல் 229, அடுத்த வருஷம் 63. வந்து சேர்ந்தாலும் முதலில் உளவுத்துறை விசாரணை, அப்புறம் ஹனாவோன் என்கிற மறுவாழ்வு மையத்தில் 12 வாரம் ஏ.டி.எம். கார்டிலிருந்து ஆரம்பித்துப் பாடம்.

இதுவரை வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். காரணம் சந்தைதான். ஆண்கள் அரசு வேலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், சம்பளம் இருக்கிறதோ இல்லையோ. கல்யாணமான பெண்கள்தான் சந்தையில் உட்கார்ந்து வீட்டைக் காப்பாற்றுகிறார்கள். பணமும் வழியும் தெரிவது அவர்களுக்குத்தான். நாடகத்தில் வரும் அந்தக் கிராமத்துப் பெண்கள் கூட்டம் கொஞ்சம் இந்த உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

சோத்துக்கட்டி:
எல்லாம் சரி, அந்த அக்கா கடைசியில ரேடியோ சார் கட்சியா, மல்லி கட்சியா?

தேஜான் குமரன்:
கேட்டேன். அவருக்கு நீங்கள் விவாதிக்கிற எதுவும் பெரிதாகப் படவில்லை. சந்தைக் கூட்டத்தில் செ-ரி வழி தவறி நிற்கும்போது, கேப்டன் வாசனை மெழுகுவத்தியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவானே, அங்கேதான் அவருக்குக் கோபம். நாடகம் வந்த சமயத்தில் அங்கே அரசுச் சம்பளம் மாதம் மூவாயிரம், நாலாயிரம் வோன்தான். சந்தையில் அரிசி கிலோ ஐயாயிரம் வரை விற்றது. ‘கேப்டன் சம்பளத்தில் ஒரு கிலோ அரிசி வராது, இவனுக்கு வாசனை மெழுகுவத்தி எங்கேயிருந்து வந்தது?’ என்றார்.

மாடிவீட்டு மல்லி:
அவங்கப்பா ஜெனரல்னு சொல்லிடுங்க 🙂

பழைய ரேடியோ:
அம்மா தாயே, அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!