மறு: மார்ஃபோவின் நீலத்துக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். மார்ஃபோ என்ற வண்ணத்துப்பூச்சியின் நீலத்தைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'ஒளிர்நிறம்' போதுமே ஐயா. மார்ஃபோ மின்னத்தானே செய்கிறது?

மின்னுகிறது, சரி. ஆனால் ஒளிர்வது மின்மினியின் வேலை. மார்ஃபோ விழுந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான்.

மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்காவின் வடபகுதி வரை காணப்படும் நீல மார்ஃபோவின் சிறகில் நீல நிறமி துளிகூடக் கிடையாது. சிறகை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களின் மேல் நெருக்கமாக முகடுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு முகட்டின் பக்கவாட்டிலும் கைட்டினும் (பூச்சிகளின் மேலோட்டிலுள்ள பொருள்) காற்றும் மாறிமாறி அடுக்கடுக்காக இருக்கின்றன. இந்த அடுக்குகள் நீலத்தை மட்டும் வலுப்படுத்தித் திருப்புகின்றன. மீந்த ஒளியில் பெரும்பகுதியை அடியிலுள்ள மெலனின் என்ற கருநிறமி விழுங்கிவிடுகிறது. சிறகில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பாருங்கள்: காற்றிருந்த இடத்தில் அது புகுந்து நீலம் பச்சையாகும், ஆவியானதும் மறுபடி நீலம். சாயமாக இருந்தால் இப்படி நடக்குமா?

ஆகவே நிறமியால் வரும் 'நிறமிநிறம்' என்பதற்கு எதிரே, இப்படி நுண்ணிய அமைப்பால் வரும் நிறத்துக்கு ஒரு சொல் வேண்டும். நம் குழுவில் ஓர் அம்மா சொன்ன 'அடுக்குநிறம்' அழகுதான், ஆனால் பல பறவைகளின் நீல இறகில் அடுக்கே இல்லை, பஞ்சு மாதிரி நுண்துளைகள்தான். 'கோணநிறம்' இன்னும் சிக்கல். மார்ஃபோவின் தனிச்சிறப்பே, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெரும்பாலும் நீலமாகவே தெரிவது. கோணத்துக்குக் கோணம் மாறுகிற நிறத்துக்குப் பட்டுக்கடையில் 'மயில்கழுத்து' இருக்கவே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

என் வாக்கு 'அமைப்புநிறம்'. 'கட்டமைப்புநிறம்' என்றால் ஏதோ பாலத்துக்கு அடித்த பெயின்ட் போல ஒலிக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "மேற்புறம் அமைப்புநிற நீலம், கரிய விளிம்பு, அடிப்புறம் பழுப்பு, வரிசையாகக் கண்புள்ளிகள். அழுகிய பழச்சாறு உறிஞ்சும்; பூக்களை நாடுவது அரிது." உறுத்தவில்லை.

அப்புறம் இன்னொன்று. பறக்கையில் சிறகு விரிந்தால் நீலம், மூடினால் பழுப்பு. காட்டு வெளிச்சத்தில் பூச்சி தோன்றித் தோன்றி மறையும். துரத்தும் பறவைக்கு அடுத்து எங்கே தெரியும் என்று பிடிபடாது. சட்டென்று இலைமேல் சிறகை மூடி உட்கார்ந்தால், தேடுகிற நீலமே அங்கு இல்லை. இந்த உத்திக்குக் 'கண்கட்டு நிறம்' என்று வைக்கலாமா? வித்தைக்காரன் வாடை அடிக்கிறது என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.