ஆர்: ஆப்டிம் 'கன்வர்ஜென்ஸ் 0' என்கிறது, தொடக்க மதிப்பை மாற்றினால் விடையும் மாறுகிறது

கேள்வி:
வணக்கம். ஆர் என்ற புள்ளியியல் மொழியில், ஒரு சார்பின் சிறுமத்தைத் தேடும் ஆப்டிமைப் பயன்படுத்துகிறேன். 50 முதல் 89 வயது வரை, ஒவ்வொரு வயதிலும் இறப்பு எண்ணிக்கையும் எக்ஸ்போஷரும் (ஆட்கள் வாழ்ந்த மொத்த ஆண்டுகள்) உள்ள தரவு. கோம்பெர்ட்ஸ் மாதிரியைப் பொருத்துகிறேன்: இறப்பு வீதம் = ஏ × எக்ஸ்ப்(பி × வயது). இறப்புகள் பாய்சான் பரவல் என்று வைத்து, நெகட்டிவ் லாக்-லைக்லிஹுட்டை (சிறிதாக இருந்தால் மாதிரி நன்றாகப் பொருந்துகிறது) எழுதி ஆப்டிமிடம் கொடுத்தேன். தொடக்கம் ஏ = 0.00005, பி = 0.1. ஆப்டிமின் இயல்பான தேடல் முறையான நெல்டர்-மீட் 0 என்ற குறியீட்டுடன் (வெற்றி என்று பொருள்) முடிகிறது. ஆனால் தொடக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் வேறு விடை வருகிறது. சரிவைப் பார்த்து நகரும் பிஎஃப்ஜிஎஸ் முறைக்கு மாற்றினால் 'நான்-ஃபைனைட் ஃபைனைட்-டிஃபரன்ஸ் வேல்யூ [1]' என்று நின்றுவிடுகிறது. மேக்ஸிட்டை (அதிகபட்சச் சுற்றுகள்) கூட்டியும் பலனில்லை.

பதில் 1:
மேக்ஸிட்டை விடுங்கள், சிக்கல் இரண்டு அளவுருக்களின் அளவு வித்தியாசத்தில் இருக்கிறது. பிஎஃப்ஜிஎஸ்ஸுக்கு நீங்கள் கிரேடியன்ட் (சரிவு) தராவிட்டால், ஒவ்வொரு அளவுருவையும் இரு பக்கமும் 0.001 நகர்த்தி அதுவே கணக்கிடும் (என்டெப்ஸின் இயல்பு மதிப்பு அது). உங்கள் ஏ 0.00005. அதிலிருந்து 0.001 கழித்தால் எதிர்மறை, பாய்சானுக்கு எதிர்மறை வீதம் போனால் என்ஏஎன் (எண்ணே அல்லாத விடை). பிழைச் செய்தியில் உள்ள [1] உங்கள் முதல் அளவுருவைத்தான் காட்டுகிறது.

நெல்டர்-மீட்டிலும் இதே கதைதான். தொடக்க மதிப்புகளில் பெரியதன் பத்தில் ஒரு பங்கை எடுத்து, எல்லா அளவுருக்களுக்கும் அதையே முதல் அடியாக வைக்கும். உங்களுக்கு 0.01. அது ஏயைப் போல 200 மடங்கு! முதல் அடியிலேயே எங்கோ போய் விழுகிறது. 0 குறியீடு வந்ததென்றால் அதன் நிறுத்த நிபந்தனை நிறைவேறியது, அவ்வளவுதான்.

ஏக்குப் பதில் லாக் ஏயை அளவுருவாக வையுங்கள். அப்புறம் வயதிலிருந்து 70ஐக் கழித்துவிடுங்கள். இல்லையென்றால் வயது 0இல் உள்ள மட்டத்தைத் தேடுகிறீர்கள், அங்கே தரவே இல்லை. லாக் ஏயும் பியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஒரு நீண்ட ஒடுங்கிய பள்ளத்தில் நகரும். லாக் வேண்டாமென்றால் ஒவ்வொரு அளவுருவின் அளவையும் ஆப்டிமுக்குச் சொல்லும் பார்ஸ்கேலில் 0.00005, 0.1 என்று கொடுக்கலாம். எனக்கு லாக்தான் பிடிக்கும், எதிர்மறை என்ற தொல்லையே இல்லை.

பதில் 2:
கோம்பெர்ட்ஸுக்கு ஆப்டிமே தேவையில்லையே! லாக் எடுத்தால் நேர்கோடுதானே. ஜிஎல்எம்மில் (பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரி) பாய்சான் குடும்பம், லாக் எக்ஸ்போஷரை ஆஃப்செட்டாக (கெழு 1 என்று நிலையாக வைத்த உறுப்பு) கொடுங்கள், நொடியில் முடியும். ஆப்டிம் விடை அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. லாக் ஏ, வயது − 70 என்று மாற்றியதும் எந்தத் தொடக்கத்திலிருந்தும் ஒரே விடை, ஜிஎல்எம்மும் அதையே சொல்கிறது. ஆப்டிமைப் பிடித்துத் தொங்கக் காரணம், அடுத்து நான் பொருத்த வேண்டிய மேக்கம் மாதிரி. வீதத்தோடு சி என்ற மாறிலியைக் கூட்ட வேண்டும், அது ஜிஎல்எம்மில் அப்படியே உட்காராது. லாக் சி என்று வைத்தால் −20க்கும் கீழே ஓடுகிறது, ஹெஸ்ஸியனின் (வளைவைச் சொல்லும் அணி) நேர்மாறை எடுக்க முடியவில்லை.

பதில் 1:
சி என்பது வயதைச் சாராத இறப்பு, விபத்து மாதிரி. 50க்கு மேல் கோம்பெர்ட்ஸ் பகுதி அதை விழுங்கிவிடும். சி-க்குத் தரவு கொடுக்கும் விடை பூஜ்யம் என்றால் லாக் சிக்குப் போக இடமே கிடையாது, இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் திசையில் வளைவு இல்லாததால் ஹெஸ்ஸியனும் கெடும். லாக் சியை −7, −8, −9 என்று பிடித்து வைத்து மற்ற இரண்டை மட்டும் பொருத்தி, லைக்லிஹுட் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். −12க்குக் கீழே லைக்லிஹுட் அசையவே இல்லை. 30 வயதிலிருந்து தரவு இருக்கிறது, அதைச் சேர்த்து ஓட்டிவிட்டு, அப்போதும் இப்படியே என்றால் சியை எடுத்துவிடுகிறேன்.