புதுப்பிப்பு: வராத ஐஜிஜி2ஏ எங்கே போனது?

போன வாரம் போட்ட இழையின் தொடர்ச்சி. ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) தயாரிக்கும் பி செல், தூண்டலைப் பொறுத்து ஐஜிஎம், ஐஜிஜி, ஐஜிஇ என்று அதன் வகையை மாற்றும்; அதில் ஐஜிஜி2ஏ வகை மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன். எலி மண்ணீரலில் இருந்து பி செல்களைப் பிரித்து, மூன்று விதமாகத் தூண்டி, நாலு நாள் வளர்த்திருந்தேன். எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளியுறைப் பொருள்) மட்டும் கொடுத்ததில் ஐஜிஎம், ஐஜிஜி3. சிடி40 லிகண்டும் ஐஎல்-4ம் (டி செல்கள் தரும் சமிக்ஞைகள்) கொடுத்ததில் ஐஜிஜி1, கொஞ்சம் ஐஜிஇ. அதெல்லாம் சரி. எல்பிஎஸ்ஸோடு இன்டர்ஃபெரான்-காமா (இன்னொரு சமிக்ஞைப் புரதம்) சேர்த்தால் வரவேண்டிய ஐஜிஜி2ஏ மட்டும் எலைசாவில் (ஆன்டிபாடியை நிற மாற்றத்தால் அளக்கும் சோதனை) பூஜ்யம். இன்டர்ஃபெரான் கெட்டுப்போயிருக்கும் என்றார்கள் பலர். நானும் புதுக் குப்பிக்கு ஆர்டர் போட இருந்தேன்.

தப்பு அதில் இல்லை. என்னுடையது பிளாக் 6 என்ற ஆய்வக இன எலி. அந்த இனத்துக்கு ஐஜிஜி2ஏ மரபணுவே கிடையாது. அந்த இடத்தில் இருப்பது ஐஜிஜி2சி. (2ஏ வேண்டுமென்றால் பால்ப்-சி எலி.) ஃப்ரீசரில் வைத்திருந்த, செல் வளர்த்த அதே திரவத்தை 2சி-யைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடியோடு எலைசா ஓட்டினேன். எலைசா தட்டின் குழியில் நீலம் ஏறியது, அமிலம் விட்டதும் பளிச்சென்று மஞ்சள்!

விடுமுறைக்குக் காரைக்குடி வந்ததும் அப்பத்தாவிடம் சொன்னேன். பணியாரக் கல்லைவிட்டுக் கண்ணெடுக்காமல், "ஒரே மாவுதான். வெங்காயம் தாளிச்சுப் போட்டாக் காரம், கருப்பட்டி விட்டா இனிப்பு. இதுக்கா நாலு நாளு?" என்றார். கருப்பட்டி விட்ட மாவு திரும்ப வெள்ளையாகாது என்பதும் பொருந்துகிறது: வகை மாறும்போது பி செல் தன் டிஎன்ஏவில் ஒரு துண்டையே வெட்டி எறிந்துவிடுகிறது.

அப்புறம், மனிதச் செல்லில் செய்யலாமா என்று கேட்டவருக்கு: எல்பிஎஸ் வேலைக்கு ஆகாது. மனித பி செல்லில் எல்பிஎஸ்ஸை உணரும் டிஎல்ஆர்4 மிகக் குறைவு, சிபிஜி (பாக்டீரியா டிஎன்ஏவைப் போன்ற சிறு துண்டு) போட்டுப் பாருங்கள்.